கைப்பிடியின் உயரம்

பொம்மைக் கடைக்குள் இஞ்ச் டேப்போடு நுழைந்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். கழுத்தில் டேப் தொங்காமல் அவள் வாசலைத் தாண்டியதை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு நடைவண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்த மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வண்டியின் கைப்பிடியும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்த மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பொடிசைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பொடிசு என்றால் குழந்தை. அவளுக்கு ரேஷன் கார்டு நீளத்துக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. மெக்கானிக் ஒருநாள் "பொடிசு" என்றார், அதோடு அந்தப் பெயர் அம்போ.

விற்பனைப் பெண் பொறுமைசாலி. ஒரு பிளாஸ்டிக் வண்டியைத் தட்டிக் காட்டினாள். "இது பாட்டுப் பாடும், லைட் எரியும். ஆனா ரொம்ப லேசு மேடம். குழந்தை சாஞ்சா வண்டி முன்னாடி ஓடிடும், குழந்தை குப்புற விழும்."

"அப்ப அந்தக் கச்சேரி வேண்டாம்."

"இது மரம். அடியில கனம் இருக்கு, மெதுவாத்தான் உருளும். இப்பத்தான் எழுந்து நிக்கிற குழந்தைக்கு இதுதான் சரி. மூணு அளவு இருக்கு. கைப்பிடி நெஞ்சுக்குக் கீழ வரணும், அதனால உங்களுக்குச் சின்னது போதும்."

"சின்னதா? ரெண்டு மாசத்துல பத்தாமப் போயிடும். வளர்ற குழந்தைம்மா. பெருசையே எடுங்க."

அது அவள் வாயிலிருந்து வந்த பேச்சே அல்ல. அவளிடம் துணி கொண்டுவரும் தாய்மார் எல்லாரும் சொல்லிச் சொல்லி, அவள் வாயில் ஊறிப்போன பேச்சு. "வளர்ற புள்ளை, கொஞ்சம் பெருசாவே தைங்க." கை நீளத்தில் இரண்டு விரல், பாவாடை விளிம்பில் ஒரு சாண் மடிப்பு. உடம்புக்குச் சரியாக ஒரு சட்டை தைக்கச் சொன்னால் அவள் கத்தரிக்கோல் முரண்டு பிடிக்கும்.

மெக்கானிக் பொடிசை இறக்கி வண்டிக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தார். "ஏம்மா, கைப்பிடி இவ மோவாய்ல இடிக்குதே."

"இடிக்கட்டும். ரெண்டு மாசத்துல எல்லாம் சரியாயிடும்."

அவர் பொடிசைத் தூக்கி அவள் இடுப்பில் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துப் பொடிசு அந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. மாதக் கடைசியில் போய்விடுவாள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பெரிய வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

பொடிசு அவள் பெற்ற பிள்ளை இல்லை. தங்கை பெற்றது. தங்கையின் புருஷனைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த மகராசன் வயிற்றில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனவன், அவனைப் பற்றிப் பேச எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. பிரசவம் முடிந்த கையோடு தங்கைக்கு நுரையீரலில் நோய் என்றார்கள். பால் கொடுக்கக்கூடாது, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளக்கூடாது. தொலைவான ஒரு நகரத்து ஆஸ்பத்திரிக்கு அவள் போனாள். தொப்புள்கொடி காய்ந்து விழாத குழந்தை அக்கா மடிக்கு வந்தது. அக்காவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைத் தோண்டித் துருவ வேண்டாம். பிறக்கவில்லை, அவ்வளவுதான். மடி காலியாக இருந்தது, பொடிசு வந்து நிறைத்துவிட்டாள்.

நடுவில் ஒருமுறை தங்கை வந்தாள். முகத்தில் மாஸ்க், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அக்கா ஆசையாகப் பொடிசைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். அடேயப்பா, என்ன அலறல்! யாரோ கிணற்றில் தள்ளிவிட்ட மாதிரி கத்தினாள் பொடிசு. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அக்கா திரும்ப வாங்கிக்கொண்டதும் அழுகை நின்றது, குழாயை மூடியது போல. பெற்றவள் அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இப்போது உடம்பு தேறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தங்கையே போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மாசக் கடைசியில வர்றேன்க்கா. ஆனா இந்தத் தடவை யாரும் அவளைத் தூக்கி என் கையில திணிக்க வேண்டாம். அவளா வரட்டும்."

"அவளா வராம எங்கடி போவா?"

"வரலைன்னா உன்கிட்டயே இருக்கட்டும்க்கா. சத்தியமா நான் கேக்க மாட்டேன். பெத்தவன்னு சொல்லி அழற புள்ளையைப் பிடுங்கிட்டுப் போற தெம்பு எனக்கு இல்லை."

"பைத்தியக்காரி மாதிரி பேசாத! தவழ்ந்து என்ன, நடந்தே வருவா பாரு. நான் நடக்க வச்சு அனுப்பறேன்."

வாய் அப்படிச் சொன்னது. வயிற்றுக்குள் வேறு ஏதோ ஒன்று, வராமல் இருந்துவிட்டால்? என்றது. அவள் சட்டென்று தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டாள். ஆனால் வந்த நினைப்பு வந்ததுதானே? அதை எந்தக் கத்தரிக்கோலால் வெட்டி எறிவது?

அந்த நினைப்போடுதான் அவள் பொம்மைக் கடைக்குப் போயிருந்தாள்.

தையல் அறையும் கூடமும் அந்த வீட்டில் ஒன்றுதான். ஒரு கோடியில் வாசல் கதவு, எதிர்க்கோடியில் சமையலறைக் கதவு, நடுவில் சுவரோரமாகத் தையல் மெஷின். பொடிசு தவழ ஆரம்பித்ததிலிருந்து, தினமும் காலையில் ஒரு காந்தத்தைத் தரையில் இழுத்து விழுந்து கிடக்கும் குண்டூசிகளைப் பொறுக்கிவிட்டுத்தான் அவள் குழந்தையைக் கீழே விடுவாள். அவ்வளவு ஜாக்கிரதைக்காரி. அப்படிப்பட்டவள் வாங்கி வந்த வண்டிதான் குழந்தையின் உதட்டைக் கிழித்தது.

பொடிசு கைகளை உயர்த்தி, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவள் மாதிரி அந்தக் கைப்பிடியைப் பிடித்தாள். வண்டி நகர்ந்தது. மோவாய் மரத்தில் மோதியது, பல் உதட்டில் இறங்கியது. முகமெல்லாம் ரத்தம்.

மெக்கானிக் ஓடிவந்து தூக்கினார். ஈரத்துணியால் துடைத்தார். குழந்தை விசும்பி அடங்கிய பிறகு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"வேணும்னுதானே பெருசா வாங்கின?"

"என்ன சொன்னீங்க?"

"காதுல விழுந்துச்சு உனக்கு."

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. "என்னைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது? பழக்க தோஷத்துல வாங்கிட்டேன். நான் தைக்கறதெல்லாம் அப்படித்தானே? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். உன் தங்கச்சி போன்ல சொன்னதும் தெரியும்."

அவள் மெஷின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். வேண்டுமென்றே செய்தேனா? பொடிசு நடக்கக்கூடாது, தங்கையிடம் போகக்கூடாது என்றா அந்தப் பெரிய வண்டியைக் கேட்டேன்? இல்லை, இன்னும் இரண்டு மாதம், இன்னும் ஒரு வருஷம், இந்தக் குழந்தை என் கண் முன்னால் வளரும் என்று என் கை தானாக ஒரு கணக்குப் போட்டுவிட்டதா? அவளுக்கே தெரியவில்லை. கொடுமை என்னவென்றால், எது உண்மையாக இருந்தாலும் அவளால் தாங்க முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"ரம்பம் எடுத்துட்டு வாங்க."

பொடிசைச் சுவரோரம் நிறுத்தி அளந்தாள். வண்டியைக் கவிழ்த்து, கைப்பிடியைத் தாங்கும் இரண்டு கட்டைகளிலும் நீலச் சாக்பீஸால் கோடு போட்டாள். போட்டுவிட்டுப் பார்த்தால், கோடு இரண்டு விரல் மேலே ஏறி நின்றது. கை பழைய வேலையைக் காட்டிவிட்டது. அதைப் புறங்கையால் அழித்துவிட்டுக் கீழே சரியான அளவுக்கு மறுபடி போட்டாள். வளர்வதற்கு இடம் வைக்காமல் அவள் போட்ட கோடு அது ஒன்றுதான். போடும்போது அழுதாள், அழுதுகொண்டேதான் போட்டாள்.

மெக்கானிக் அறுத்துக் கைப்பிடியைத் திரும்பப் பொருத்தினார். அறுத்த துண்டுகளைத் துடைத்துக் கருவிப் பைக்குள் போட்டார். "பத்திரமா வச்சுக்கறேன். பொடிசு வளர்ந்தா திரும்ப ஒட்டி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பொடிசுக்கு வண்டி கைக்கு அடங்கியது. முதலில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு காலை வைத்தாள், நம்பாமல் அந்தக் காலையே குனிந்து பார்த்தாள், அடுத்த காலையும் வைத்தாள். முன்சக்கரம் ஒன்று கீச்சுக் கீச்சென்று கத்தியது. எண்ணெய் விடுகிறேன் என்றார் மெக்கானிக். "வேண்டாங்க, சத்தம் இருக்கட்டும். தைக்கும்போது அவ எங்க இருக்கான்னு தெரியும்" என்றாள்.

வண்டியைத் தள்ளத் தெரிந்ததே தவிர, திருப்பத் தெரியவில்லை அந்தப் பெரிய டிரைவருக்கு. நேராகப் போவாள், சுவரிலோ கதவிலோ முட்டுவாள், நிற்பாள். "ம்மா!" என்று ஓர் அதட்டல் போடுவாள். பொடிசுக்கு எல்லாமே ம்மாதான். மின்விசிறியும் ம்மா, பால் பாட்டிலும் ம்மா. ஆனால் முட்டிக்கொண்டு போடும் அந்த அதட்டல் தனி ரகம். கேட்டதும் அவள் தைத்துக்கொண்டிருக்கும் துணியை அப்படியே விட்டுவிட்டு, "இதோ வந்துட்டேன்டி" என்று எழுந்து போய் வண்டியைத் திருப்பி விடுவாள். கீச்சுக் கீச்சென்று மறுபடி பயணம் தொடங்கும்.

கையைப் பிடித்து நடத்தினால் குழந்தை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு வரும். நடைவண்டி கொடுத்தால் முதுகைத்தான் பார்க்க வேண்டும். இதை யாரும் அவளுக்குக் கடையில் சொல்லவில்லை. சமையலறைப் பக்கம் நின்று அவள் வண்டியை விடுவாள். வாசல் பக்கம் மெக்கானிக் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், போனுக்குள் தங்கை. "வா வா வா, யாரு வர்றா? யாரு வர்றா இங்க?" என்று அந்தச் சின்னச் சதுரத்துக்குள்ளிருந்து கூப்பிடுவாள். பொடிசு சிரித்துக்கொண்டே போய் மெக்கானிக் முழங்காலில் முட்டுவாள். தினமும் சாயங்காலம் இது நடந்தது. ஏற்பாடு செய்தவள் அக்காதான். தினமும் அவள் பார்த்தது, தன்னை விட்டுத் தள்ளிப் போகும் ஒரு குட்டி முதுகு, இடுப்பில் நழுவும் ஜட்டி, கழுத்தில் ஒட்டிய வியர்வை முடி. பார்த்துக்கொண்டு கை தட்டினாள்.

மாதக் கடைசி வந்தது. தங்கை வந்தாள்.

மாஸ்க் இல்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது, முடி காதுவரை வளர்ந்திருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை. மடியில் கைகளைக் கட்டிக்கொண்டாள், நீட்டிவிடுமோ என்று பயந்தவள் மாதிரி.

பொடிசு பெரியம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அக்கா சமையலறைப் பக்கம் வண்டியை நிறுத்தி, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்து, பொடிசை இறக்கிக் கைப்பிடியைப் பிடிக்க வைத்தாள். "போடி தங்கம். யாரு வந்திருக்கா பாரு." பொடிசு பார்த்தாள். போனுக்குள் இருந்த முகம் திடீரென்று இவ்வளவு பெரிதாக, உடம்போடு வந்து உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பயம் வராது? கைப்பிடியை விட்டாள், பொத்தென்று உட்கார்ந்தாள், திரும்பித் தவழ்ந்து வந்து பெரியம்மாவின் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மறுபடி நிறுத்தினாள். மறுபடி அதேதான்.

"பரவாயில்லைக்கா." தங்கை எழுந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். "நான்தான் சொன்னேனே. அவ இருக்கற இடத்துல சந்தோஷமா இருக்கா. அது போதும் எனக்கு."

சும்மா இருந்தால் போதும். அக்கா ஒன்றுமே செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பொடிசு அவளுடையவள். ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. மெக்கானிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கைகளின் சூடு துணியைத் தாண்டி அவள் தோலில் ஏறியது. தங்கை ஒரு செருப்பில் காலை நுழைத்துவிட்டாள்.

"உக்காருடி!" அவள் போட்ட சத்தத்தில் மெக்கானிக்கே திடுக்கிட்டார். "என் முகம் தெரியற வரைக்கும் அவ வரமாட்டா. உக்காரு. தினமும் போன்ல கூப்பிடுவல்ல, அதே மாதிரி கூப்பிடு."

புடவையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

வெளியே அழுகை. கதவின் கீழ்ப்பக்கத்தில் பட்டுப் பட்டென்று உள்ளங்கைகள் அடித்தன. அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகைக்கு நடுவே தங்கையின் குரல், முதலில் உடைந்து, பிறகு மெல்லத் தெளிந்து, வந்தது. "வா வா வா, யாரு வர்றா? யாரு வர்றா இங்க?" அடி நின்றது. விசும்பல். தரையில் முழங்கால் தேயும் சத்தம். அப்புறம், கீச். கீச். கீச்சுக் கீச். தூரமாகப் போயிற்று. எதன்மீதோ மெத்தென்று முட்டி நின்றது.

"ம்மா!"

அந்த அதட்டல்தான். வண்டியைத் திருப்பச் சொல்லும் அதட்டல். அவளையும் அறியாமல் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்து இழுத்தாள்.

"வண்டிய திருப்பி விடணும்மா, அவளுக்குத் திருப்பத் தெரியாது" என்று மெக்கானிக் சொல்வது கேட்டது. தங்கை திருப்பியிருக்க வேண்டும். கீச்சுச் சத்தம் மறுபடி கிளம்பி இந்தப் பக்கம் வந்தது. நெருங்கியது. சமையலறைக் கதவில் டொக்கென்று முட்டியது.

"ம்மா!"

ஒரு பலகைதான் நடுவில். குழந்தையின் மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்டது. யாரும் தூக்கிக் கொடுக்காமல், தன் காலால் தானாகவே நடந்து அவளிடம் வந்திருக்கிறது பிள்ளை. அவள் திறக்கவில்லை. டேப்பின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதாள்.

"ம்மா!" இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை கொஞ்சம் சந்தேகமாக.

பிறகு காலடிச் சத்தம். "இதோ வந்துட்டேன்டா கண்ணு" என்ற குரல் தங்கையுடையது. வண்டி திரும்பியது. கீச்சுக் கீச்சென்று தூரமாகப் போயிற்று. மறுபடி எதன்மீதோ மெத்தென்று முட்டியது. அப்புறம் பொடிசு சிரித்தாள். மெக்கானிக் முழங்காலில் முட்டினால் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, பொடிசு தங்கையின் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பளிச்சென்று சிரித்தாள். சிரித்துவிட்டுப் பொத்தானுக்கே திரும்பிவிட்டாள்.

துணிமணிகளை அக்காதான் அடுக்கினாள். "எல்லாத்துலயும் மடிப்பு விட்டிருக்கேன். வளர வளரப் பிரிச்சு விடு. இந்தப் பூப்போட்ட கவுன் பள்ளிக்கூடம் போறவரைக்கும் வரும்" என்றாள். தங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கிளம்பும்போது நடைவண்டியை எடுத்துப் பார்த்தவள், "கைப்பிடி மட்டும் ரொம்பக் குட்டையா இருக்கேக்கா. சீக்கிரமே பத்தாமப் போயிடுமே" என்றாள்.

"பத்தாதுடி. அதுக்குள்ள அவ வண்டியே வேணாம்னு ஓட ஆரம்பிச்சிடுவா."

தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். நன்றி என்றாள், தெய்வம் என்றாள். அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. லிஃப்ட் வந்தது. மெக்கானிக் வண்டியை உள்ளே வைத்தார். பொடிசு லிஃப்ட் பொத்தான்களில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து "ம்மா" என்று கை காட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு மூடியது.

மறுநாள் காலையில் அவள் காந்தத்தைத் தரையில் இழுத்துக் குண்டூசி பொறுக்கினாள். பாதியில் நினைவு வந்தது; ஆனாலும் முழுக்கப் பொறுக்கி முடித்தாள். பத்து மணிக்கு ஓர் அம்மாள் மகளோடு சீருடைக்கு அளவு கொடுக்க வந்தாள்.

"வளர்ற பொண்ணு. கொஞ்சம் பெருசாவே தைங்க" என்றாள் அந்த அம்மாள்.

அவள் தலையாட்டிவிட்டு அந்தப் பெண்ணின் தோளில் டேப்பை வைத்தாள். வெளியே வராந்தாவில் யாரோ கடைக்குப் போய்விட்டு, சாமான் வண்டியைக் கீச்சுக் கீச்சென்று இழுத்துக்கொண்டு வந்தார்கள். சக்கரம் எங்கோ சுவரில் முட்டி நின்றது.

"இதோ வந்துட்டேன்டி" என்று டேப்பைக் கீழே போட்டுவிட்டு அவள் ஓடினாள். வாசல் கதவைத் திறந்து, குனிந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டுக்காரர் சாமான் வண்டியோடு நின்று சாவியைத் தேடியபடி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, யாரைத் தேடறீங்க?" என்று கேட்டார்.